தொழில் வளரும்போது வேலையைப் பிறர் கையில் கொடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னை புது வண்ணாரப்பேட்டையில் ஒரு மாடி வீட்டின் முன்னறையில், ஒற்றை ஃபிரேமை வைத்து ஆரி வேலையைத் தொடங்கினேன். ஃபிரேமில் துணியை இழுத்துக் கட்டி, கொக்கி ஊசியால் பிளவுஸில் நூலும் மணியும் போடுகிற எம்பிராய்டரிதான் ஆரி. இப்போது ஆறு ஃபிரேம், ஏழு பெண்கள், ஒரு தையல் மாஸ்டர். தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, ராயபுரம், எண்ணூர் பக்கமிருந்து ஆரி கற்றுக்கொள்ள வருகிறவர்களும், மெஹந்தி, கேக், கல்யாண போட்டோ, ரிட்டர்ன் கிஃப்ட் என்று சொந்தமாகச் செய்கிறவர்களும் என்னிடம் அதிகம் கேட்பது ஊசியைப் பற்றி அல்ல. "ஆர்டர் நிறைய வருது, ஒத்தை ஆளா முடியல, யாரை நம்பிக் கொடுக்கிறதுன்னு தெரியல" என்பதுதான். திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். உதாரணங்கள் பெரும்பாலும் ஆரியிலிருந்துதான் வரும், எனக்குத் தெரிந்தது அதுதான்.

ஆள் வைக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ராத்திரி கண் விழிப்பதை வைத்து முடிவு பண்ணாதீர்கள். வைகாசி, ஆவணி முகூர்த்தம் வந்தால் இந்தத் தொழிலில் எல்லாருமே கண் விழிக்கிறோம். நான் பார்க்கச் சொல்வது வேறு இரண்டு. ஒன்று, செய்ய ஆசைப்பட்ட ஆர்டரையே நேரமில்லை என்று திருப்பி அனுப்புகிறீர்களா? இரண்டு, உங்களுக்கு மூன்று நாள் காய்ச்சல் வந்தால் கடையே நின்றுபோகிறதா? இரண்டு முகூர்த்த சீசன் தொடர்ந்து இப்படி இருந்தால் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

அதற்கு முன் ஒரு வாரம் ஒரு நோட்டில் எழுதிப் பாருங்கள். அரை மணிக்கு ஒருமுறை, என்ன செய்துகொண்டிருந்தேன் என்று ஒரே வரி. நான் எழுதிப் பார்த்த வாரத்தில் 60 மணி நேரம் வேலை செய்திருந்தேன். அதில் ஊசி என் கையில் இருந்தது 22 மணி நேரம். மீதியெல்லாம் போன், பாரிஸ் கார்னருக்குப் போய் மணி வாங்கியது, ஃபிரேம் கட்டியது, தையல்காரர் வீட்டுக்கு நடந்தது. எனக்கு ஆரி தெரிந்த ஆள் வேண்டும் என்று அதுவரை நினைத்திருந்தேன். அந்த நோட்டைப் பார்த்த பிறகுதான், ஆரியே தெரியாத ஒரு பொறுப்பான பெண் போதும் என்று புரிந்தது. பக்கத்துத் தெருவிலேயே ஒருவர் கிடைத்தார்.

முதலில் எந்த வேலையைக் கொடுப்பது?

பிடிக்காத வேலையை முதலில் தள்ளிவிடத் தோன்றும். அதைவிட, பார்த்த உடனே சரியா தப்பா என்று தெரிகிற வேலையைக் கொடுங்கள். ஃபிரேமில் துணி கட்டுவது அப்படிப்பட்டது. ஓரத்தில் காடாத் துணி வைத்துத் தைத்து, நாலு பக்கமும் இழுத்துக் கட்டியபின் விரலால் தட்டினால் மேளம் மாதிரி 'டக்' என்று சத்தம் வர வேண்டும். வரவில்லை என்றால் அவிழ்த்துத் திரும்பக் கட்டலாம், துணிக்கு ஒன்றும் ஆகாது. டிரேசிங் பேப்பரில் ஊசியால் துளை போடுவது, மணி பிரிப்பது, வேலை முடிந்ததும் பின்பக்கம் பசை தடவுவது எல்லாமே இந்த வகைதான். தப்பு நடந்தால் சீக்கிரம் தெரியும், செலவும் குறைவு.

டிரேசிங் பதிக்கிற வேலையை, அதாவது அந்தத் துளை வழியே டிசைனைத் துணியில் இறக்குவதை, சேர்த்தே கொடுத்துவிடாதீர்கள். மண்ணெண்ணெயில் பவுடரைக் குழைத்துப் பதிக்கும்போது பேப்பர் ஒரு நூல் நகர்ந்தாலும் இரண்டு கையின் பார்டரும் பொருந்தாது. அது தைத்த பிறகுதான் தெரியவரும். அதற்கு இன்னும் கொஞ்ச நாள் ஆகட்டும்.

யாரிடம் கொடுத்தாலும் நான் செய்கிற மாதிரி வருவதில்லையே?

இந்தக் கேள்வியில்தான் எல்லாரும் மாட்டிக்கொள்கிறோம். நான் மாட்டிக்கொண்ட கதையைச் சொல்கிறேன்.

பாட்டில் கிரீன் பட்டுத் துணி, ரிசப்ஷன் பிளவுஸ். புதிதாக வந்திருந்த பெண்ணிடம் "பேக் நெக்கை அடர்த்தியா போடும்மா" என்று சொல்லிவிட்டு பாரிஸ் கிளம்பிவிட்டேன். அவள் அதற்கு முன் வேலை பார்த்த இடத்தில் அடர்த்தி என்றால் மணிக்கு மணி ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். எனக்கு அடர்த்தி என்றால் நூல் வேலை நெருக்கமாக, மணி இடைவெளி விட்டு. சாயங்காலம் வந்து பார்த்தால் கழுத்து முழுக்க சுகர் பீட்ஸ் என்கிற பொடி மணி. கனம் தாங்காமல் துணி சுருங்கி நிற்கிறது. அவள் முகத்தில் அவ்வளவு பெருமை, ஒரே நாளில் முடித்துவிட்டாளே. நாலு மணி நேரம் உட்கார்ந்து பிரித்தோம். பட்டில் ஊசி போன இடமெல்லாம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. கடைசியில் எம்.சி. ரோடு முழுக்க அலைந்து அதே நிறத்தில் துணி வாங்கி, என் செலவில் முதலிலிருந்து போட்டுக் கொடுத்தோம்.

அந்தப் பெண் சொன்னதைத்தான் செய்தாள். சொல்லே சரியில்லை. 'அடர்த்தி', 'நீட்', 'கிராண்ட்', 'சிம்பிள்' எல்லாம் என் கண்ணுக்குள் இருக்கிற படத்துக்கு நான் வைத்திருக்கிற பெயர். அந்தப் படம் அவள் கண்ணுக்குள் எப்படிப் போகும்?

அதற்குப் பிறகு ஒரு முழு வாரம் ஆர்டரைத் தள்ளிவைத்துவிட்டு மாதிரித் துணி செய்தேன். காடாவில் உள்ளங்கை அளவு கட்டங்கள். ஒன்றில் எங்கள் கடைக் கணக்குப்படி ஒரு இன்ச்சுக்கு 12 செயின் ஸ்டிச். பக்கத்துக் கட்டத்திலேயே இன்ச்சுக்கு 7 போட்டு, அதன் மேல் சிவப்பு நூலால் ஒரு பெருக்கல் குறி. இன்னொரு கட்டத்தில், இடத்தை நிரப்பிப் போடுகிற லோட் ஸ்டிச் எவ்வளவு உப்பலாக இருக்க வேண்டும் என்பது, பக்கத்தில் தட்டையாகப் போன லோட் ஸ்டிச், அதற்கும் சிவப்புக் குறி. ஜர்தோசி என்கிற சுருள் ஜரிகைக் கம்பியை எந்த நீளத்துக்கு வெட்டுவது, மணிக்கு மணி எவ்வளவு இடைவெளி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நல்லது, ஒரு கெட்டது. நல்லதை மட்டும் காட்டினால் பாதிதான் புரிகிறது. எதுவரைக்கும் பரவாயில்லை, எங்கே தாண்டக் கூடாது என்பது தப்பான மாதிரியைப் பார்த்தால்தான் தெரிகிறது.

அந்தத் துணி ஜன்னல் பக்கம் தொங்குகிறது. யாருக்குச் சந்தேகம் வந்தாலும் எழுந்துபோய் விரலால் தடவிப் பார்ப்பார்கள், திருப்பிப் பின்பக்கம் பார்ப்பார்கள். ஆரியில் பின்பக்கம்தான் உண்மையைச் சொல்லும். வரிசை முடிகிற இடத்தில் முடிச்சு சரியாக விழவில்லை என்றால் ஒரே இழுப்பில் மொத்தச் சங்கிலியும் உருவிக்கொண்டு வந்துவிடும். அதனால் நான் எந்த வேலையைச் சரிபார்த்தாலும் முதலில் திருப்பிப் போட்டுத்தான் பார்ப்பேன். அதையே அவர்களுக்கும் சொல்லிக்கொடுத்தேன். இப்போது என்னிடம் வருவதற்கு முன் அவர்களே திருப்பிப் பார்த்துவிடுகிறார்கள்.

உங்கள் தொழிலுக்கு மாதிரித் துணி எது என்று யோசியுங்கள். கேக் செய்கிறவர் கிரீம் எந்தப் பதத்தில் இருக்க வேண்டும் என்பதைப் பத்து விநாடி வீடியோவாக எடுத்து வைக்கலாம், ஓவராக அடித்துத் திரிந்துபோன கிரீமையும் சேர்த்து. ரிட்டர்ன் கிஃப்ட் கட்டுகிறவர் ஒன்றைக் கட்டி, ஒன்றைப் பாதியில் நிறுத்தி, இரண்டையும் மேசைமேல் வைத்துவிடலாம்.

சொல்லிக்கொடுக்கிற நேரத்தில் நானே முடித்துவிடுவேனே?

இன்றைக்கு முடித்துவிடுவீர்கள். ஒரு ஃபிரேம் கட்ட எனக்கு 25 நிமிடம். வாரம் ஆறு ஃபிரேம் என்றால் இரண்டரை மணி நேரம். அந்த வேலையை இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுக்க, பக்கத்திலேயே உட்கார்ந்து, மொத்தம் 20 மணி நேரம் செலவானது. எட்டு வாரத்தில் அது திரும்பி வந்துவிட்டது. அதற்கு மேல் வந்ததெல்லாம் லாபம். மாதம் ஒருமுறை வருகிற வேலைக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது, அதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆள் வைத்த பிறகும் ஒவ்வொன்றுக்கும் என்னையே கேட்கிறார்கள். போன் ஓய்வதே இல்லை. என்ன செய்வது?

வேலையைக் கொடுத்துவிட்டு முடிவை நாமே வைத்துக்கொண்டால் இப்படித்தான் ஆகும். அவர்கள் மேல் தப்பில்லை. ஒருமுறை கேட்காமல் செய்ததற்கு நாம் கத்தியிருப்போம், அதற்கு அப்புறம் யார் சொந்தமாக முடிவெடுப்பார்கள்?

எங்கள் அறையில் மூன்று பேச்சு வைத்திருக்கிறோம்: "கேட்டுட்டு செய்", "செஞ்சிட்டு சொல்லு", "சொல்லவே வேணாம்". எந்த வேலையை யாரிடம் கொடுத்தாலும் இந்த மூன்றில் எது என்று சேர்த்தே சொல்லிவிடுவேன். கஸ்டமர் துணியில் கத்தரி வைப்பது எல்லாருக்குமே கேட்டுட்டு செய்தான், எனக்கும் சேர்த்து. நானே வெட்டுவதாக இருந்தாலும் அளவு நோட்டை இன்னொருவர் வாசிக்க, கேட்டுத்தான் வெட்டுவேன். கட் பீட்ஸ் தீர்ந்துபோனால் அதே நிறத்தில் வேறு மணி போடுவது செஞ்சிட்டு சொல்லு. நூல், பசை, ஊசி என்று 500 ரூபாய்க்குள் வாங்குவது சொல்லவே வேணாம், பில்லை டப்பாவில் போட்டால் போதும்.

இதில் முக்கியம், ஆள் பழகப் பழக வேலையை ஒரு படி மேலே நகர்த்த வேண்டும். ஆறு மாதமாகக் கேட்டுட்டு செய்யிலேயே நிற்கிற பெண் சலித்துப்போவாள். நகர்த்தும்போது அதை எல்லார் முன்னாலும் சொல்லுங்கள். "இனிமே டிரேசிங் பதிக்கிறதுக்கு இவங்க என்னைக் கேக்க வேணாம்" என்று ஒரு நாள் சொன்னேன். அன்றைக்கு அவர் நிமிர்ந்து உட்கார்ந்ததை இன்னும் மறக்கவில்லை.

தப்பு நடந்தால் நஷ்டம் யாருடையது?

உங்களுடையது. சம்பளத்தில் பிடிக்காதீர்கள். பிடித்தால் அடுத்த தப்பு மறைக்கப்படும். ஆரியில் தப்பை மறைப்பது சுலபம், மேலே ஒரு குந்தன் ஸ்டோனை ஒட்டிவிட்டால் போதும். கல்யாண மேடையில் அது உதிரும்போது உங்கள் பெயர்தான் போகும். தப்பைச் சொன்னவரைத் திட்டுவதில்லை என்பது எங்கள் அறையில் நான் மீறாத விதி. ஒவ்வொரு பிளவுஸ் விலையிலும் 200 ரூபாயைத் தனியாக எடுத்து வைக்கிறேன், பிரித்துப் போடுகிற செலவுக்கு.

பீஸ் ரேட்டா, மாதச் சம்பளமா?

முதலில் உங்கள் விலையைப் பாருங்கள். வீட்டில் தனியாகச் செய்த காலத்தில் நம்மில் பலர் சொந்தக் கூலியைச் சேர்க்காமலே விலை வைத்திருப்போம். சாமான் செலவு போக மிஞ்சினதெல்லாம் லாபம் என்று நினைத்திருப்போம். அந்த விலையில் ஆள் வைத்தால் முதல் மாதமே கை கடிக்கும்.

எங்கள் கணக்கு ஒன்றைச் சொல்கிறேன். 5,000 ரூபாய் பிளவுஸ். மணி, ஜரி, நூல் 800. ஊசி வேலைக் கூலி 1,700. லைனிங்கோடு தையல் 800. வாடகை, கரண்ட், போன் பங்கு 500. மிச்சம் 1,200. அதில்தான் அந்த 200-ம் என் கூலியும். இதே பிளவுஸை முன்பு 3,000-க்குச் செய்துகொண்டிருந்தேன். ஆள் வைப்பதற்கு முன் விலையை ஏற்றினேன். சில கஸ்டமர்கள் போனார்கள், வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த விலையில் யாருக்கும் நியாயமான கூலி கொடுத்திருக்க முடியாது.

சரி, கேள்விக்கு வருகிறேன். வெறும் பீஸ் ரேட் வேகத்தைக் கொடுக்கும், முடிச்சைக் கெடுக்கும். வெறும் மாதச் சம்பளம் என்றால் முகூர்த்த மாதத்தில் உயிரைக் கொடுத்து வேலை செய்கிறவருக்கும் மார்கழியில் உட்கார்ந்திருப்பவருக்கும் ஒரே தொகை. நான் இரண்டையும் கலந்திருக்கிறேன். மாதம் ஒரு நிலையான தொகை, வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும். குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் போட்டால் பீஸுக்கு இவ்வளவு. கற்றுக்கொள்கிறவருக்கு நாள் கூலி உண்டு. "கத்துக் கொடுக்கறேன்ல" என்று சொல்லிச் சும்மா வேலை வாங்குகிற வழக்கத்தை நான் ஏற்பதில்லை. அவர் கட்டிய ஃபிரேமில்தானே நாம் சம்பாதிக்கிறோம்?

எந்த முறையாக இருந்தாலும் தேதி தவறாதீர்கள். கஸ்டமர் பாக்கி வைத்திருக்கிறார் என்பது உங்கள் பிரச்சினை.

அட்வான்ஸ் கேட்டால் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். பள்ளி திறக்கும்போது கேட்பார்கள், ஆஸ்பத்திரிச் செலவுக்குக் கேட்பார்கள். எவ்வளவு, மாதம் எவ்வளவு கழிப்பது என்று இரண்டு பேர் நோட்டிலும் எழுதுங்கள். கடன் இருக்கிறது என்பதைச் சொல்லி ஒருவரைப் போகவிடாமல் பிடித்துவைக்க மட்டும் செய்யாதீர்கள்.

நான் மெஹந்தி போடுகிறேன். "நீங்களே வரணும்" என்று எல்லாரும் கேட்கிறார்கள். ஆட்களை அனுப்பினால் கோபப்பட மாட்டார்களா?

முன்பே தெரிந்தால் கோபப்பட மாட்டார்கள். அன்றைக்கு வாசலில் வேறு முகம் வந்து நின்றால்தான் கோபம். புக்கிங் பேசும்போதே சொல்லிவிடுங்கள்: "பொண்ணுக்கு நான் போடுவேன், சொந்தக்காரங்களுக்கு என் கூட வர்றவங்க போடுவாங்க." அவர்கள் போட்ட கைகளின் படத்தையும் அவர்கள் பெயரோடு காட்டுங்கள். எல்லா வேலையையும் உங்கள் வேலை மாதிரி காட்டிவிட்டு ஆளை அனுப்புவதுதான் ஏமாற்று.

மெஹந்தியில் இன்னொன்று உண்டு. பொடி சலித்து, குழைத்து, கோன் சுற்றுவதைத்தான் நீங்கள் முதலில் கொடுக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஒரு கல்யாணப் பெண்ணுக்கு இரண்டு கை, இரண்டு காலுக்கு நாலைந்து மணி நேரம் குனிந்து போட்டுவிட்டு வந்து, ராத்திரி உட்கார்ந்து கோன் சுற்றினால் உங்கள் மணிக்கட்டு எத்தனை வருஷம் தாங்கும்? ஒரே விஷயம், குழைத்தவர் யாரோ அவர் தன் கையிலேயே ஒரு கோடு போட்டுப் பார்த்து, கோடு உடையாமல் வந்தால்தான் கொடுத்தனுப்ப வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கல்யாண போட்டோ எடுக்கிறேன், ராயபுரம். ஷூட்டுக்கு ஆள் வைத்துவிட்டேன், ஆனால் எடிட்டிங் மலை மாதிரி குவிகிறது.

ஆயிரக்கணக்கான படத்தில் கண் மூடியது, ஆடியது, ஒரே மாதிரி வந்தது எல்லாவற்றையும் கழிப்பதுதான் நேரம் தின்னும். அப்படிச் சலித்தெடுக்கிற அந்த முதல் வேலையை ஒருவரிடம் கொடுங்கள். கழித்ததை அழிக்க வேண்டாம், தனி ஃபோல்டரில் போடச் சொல்லுங்கள். முதல் நாலு கல்யாணத்துக்கு அந்த ஃபோல்டரையும் நீங்கள் புரட்டிப் பாருங்கள். தாலி கட்டும்போது பெண்ணின் பாட்டி அழுகிற படம் லேசாக ஆடியிருந்தாலும் கழிக்கக் கூடாது என்பது அப்படிப் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னால்தான் தெரியும். படத்தின் கலரைச் சரிசெய்வதைக் கடைசியாகக் கொடுக்கலாம். இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் காப்பி இருக்கிறதா என்று பார்ப்பதை மட்டும் ஒரே ஆளின் பொறுப்பாக வையுங்கள். எல்லாருக்கும் பொறுப்பு என்றால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

வாட்ஸ்அப்பில் வருகிற விசாரிப்புகளை இன்னொருவரிடம் கொடுக்கலாமா?

கண்டிப்பாக. வாட்ஸ்அப் பிசினஸ் இலவசம்தான். ஒரே நம்பரை உங்கள் போன் தவிர இன்னும் நான்கு கருவிகளில் இணைத்துக்கொள்ளலாம். லேபிள் ஒட்டலாம், அடிக்கடி சொல்கிற பதிலைச் சேமித்து வைக்கலாம். எங்கள் லேபிள்கள்: விசாரிப்பு, அளவு எடுக்கணும், ஃபிரேமில், தையலில், ரெடி, பாக்கி. பதில் சொல்கிறவருக்கு விலைப் பட்டியல் இருக்க வேண்டும், குறைக்கக் கேட்டால் எதுவரை குறைக்கலாம் என்ற எண்ணும் தெரிந்திருக்க வேண்டும். அது இல்லாமல் போனைக் கொடுத்தால் "அக்காகிட்ட கேட்டுச் சொல்றேன்" என்பதே பதிலாகிவிடும்.

மணி, நூல் வாங்க ஆளை அனுப்பினால் நிறம் மாறிவிடுகிறதே?

வாயால் நிறம் சொல்லி அனுப்பாதீர்கள். ராணி பிங்க் என்று நீங்கள் சொல்வதும் சௌகார்பேட்டைக் கடைக்காரர் எடுப்பதும் வேறு வேறு. துணியின் ஓரத்தில் ஒரு துண்டு வெட்டி அட்டையில் பின் அடித்துக் கொடுங்கள், பக்கத்தில் கஸ்டமர் எண்ணை எழுதி. கடைக்குள் டியூப் லைட்டில் பார்த்துவிட்டு வாங்கிவிடாமல், வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

வீட்டு ஆட்களை வைத்துக்கொள்ளலாமா?

என் தம்பி கணக்குப் பார்க்கிறான். அவனுக்குச் சம்பளம் உண்டு, மற்றவர்களுக்குக் கொடுக்கிற அதே தேதியில். மாமியார் மணி கோர்க்க உட்கார்ந்தால் அவருக்கும் உண்டு. முதலில் "வீட்டுக்குள்ள என்ன காசு" என்று கோபித்துக்கொண்டார், இப்போது அவரே கணக்கு வைத்திருக்கிறார். காசு வாங்காமல் உதவுகிறவரிடம் "இது சரியில்லை, பிரிச்சுப் போடுங்க" என்று நம்மால் சொல்ல முடியாது. அதுதான் சிக்கல்.

எல்லாம் கற்றுக்கொண்டு பக்கத்துத் தெருவிலேயே கடை போட்டுவிட்டால்?

போடுவார்கள். நானும் ஒருவரிடம் கற்றுக்கொண்டு வந்தவள்தானே. பயந்துகொண்டு டிரேசிங்கை ஒளித்து வைத்தும், கடைப் பெயர் சொல்லாமல் மணி வாங்கியும் பார்த்திருக்கிறேன். அந்த நாட்களில் எனக்கு நிம்மதி இல்லை, அவர்களுக்கும் என்மேல் நம்பிக்கை இல்லை. டிசைன் எப்படியும் போட்டோவில் போய்விடும். என்னிடமிருந்து போன இரண்டு பேர் இன்று தனியாகச் செய்கிறார்கள். ஆவணியில் எனக்குத் தாங்காத ஆர்டர் அவர்களிடம் போகிறது, அவர்களுக்குத் தாங்காதது இங்கே வருகிறது. மாதிரித் துணி தெரிந்தவர்கள் என்பதால் ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்ல வேண்டியதில்லை. கஸ்டமர் பட்டியலை எடுத்துக்கொண்டு போகக் கூடாது என்பதை மட்டும் வேலைக்குச் சேரும் நாளிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

வெளியே காரிகர்களிடம் (எம்பிராய்டரிக் கைவினைஞர்களிடம்) கொடுத்து வாங்குவது சுலபம் இல்லையா?

மேற்கு வங்கத்திலிருந்து வந்து இங்கே தங்கி வேலை செய்கிற காரிகர்கள் பலர் அபாரமான கைக்காரர்கள். அவர்கள் ஜர்தோசி வேகத்துக்கு நான் ஈடு கொடுக்க முடியாது. கொடுங்கள். ஆனால் மொழி இடிக்கும், அதனால் சொல்லை நம்பாமல் மாதிரியை நம்புங்கள். ஒரு கையின் பார்டரை நாலு விரல் அகலத்துக்குப் போடச் சொல்லி, பார்த்து, அப்புறம் மீதியைத் தொடரச் சொல்லுங்கள். பேரம் பேசிக் கூலியை அடிமட்டத்துக்கு இறக்காதீர்கள்.

சட்டப்படி என்னென்ன பார்க்க வேண்டும்?

சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு இலவசம், ஆதாரும் பான் கார்டும் இருந்தால் போதும். யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். ஜிஎஸ்டி வரம்பு தமிழ்நாட்டில் சேவைக்கு ஆண்டுக்கு 20 லட்சம், பொருள் மட்டும் விற்பவர்களுக்கு 40 லட்சம். கஸ்டமர் துணியில் வேலை செய்து கொடுப்பது சேவைக் கணக்கு, இரண்டும் கலந்து செய்கிறவர்கள் ஆடிட்டரைப் பாருங்கள். பத்துப் பேர் ஆனால் இஎஸ்ஐ என்கிற தொழிலாளர் காப்பீடு வரும், மாதச் சம்பளம் 21,000 வரை உள்ளவர்களுக்கு. இருபது பேர் ஆனால் பிஎஃப்.

அதற்குக் கீழே இருக்கிற எங்களைப் போன்ற கடைகளில், தமிழ்நாடு தையல் தொழிலாளர் நல வாரியத்தில் ஒவ்வொருவரும் பதிவு செய்துகொள்ள உதவுங்கள். பிள்ளைகள் படிப்புக்கும் மகப்பேறுக்கும் உதவித்தொகை உண்டு, 60 வயதுக்குப் பிறகு ஓய்வூதியம் உண்டு. எங்களில் பாதிப் பேருக்கு இது தெரியாமலே இருந்தது. பள்ளி வயதுப் பிள்ளைகளை, "சும்மா கத்துக்கட்டும்" என்று கூட, ஃபிரேமில் உட்கார வைக்காதீர்கள்.

வேலை நேரம் வைக்கும்போது பஸ்ஸையும் பாருங்கள். 2021-லிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. எண்ணூரிலிருந்து வருகிற என் பெண்களுக்கு அது மாதச் செலவில் பெரிய வித்தியாசம். அந்தப் பஸ் வருகிற நேரத்துக்கு ஏற்ப ஒன்பதரைக்குத் தொடங்கி ஐந்தரைக்கு முடிக்கிறோம்.

நோட்டு, கணக்கு எல்லாம் என் தலையிலேயே இருக்கிறது. எழுதித்தான் ஆக வேண்டுமா?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் அளவு நோட்டுகள் கீழ் வீட்டில் ஒரு மர அலமாரியின் அடித்தட்டில் இருந்தன. தண்ணீர் வடிந்த பிறகு எடுத்துப் பார்த்தால் பக்கமெல்லாம் ஒட்டிக்கொண்டு, பேனா எழுத்து நீலமாகப் பரவிக் கிடந்தது. தை மாதக் கல்யாணத்துக்கு ஒப்புக்கொண்ட பதினோரு பிளவுஸின் அளவுகள். கரண்ட் இல்லை, போனில் சிக்னல் இல்லை, பெண்கள் யாரும் வர முடியவில்லை. எந்த அளவு யாருடையது என்று எனக்குக் கொஞ்சம் ஞாபகம் இருந்தது, தையல் மாஸ்டருக்கு ஒன்றும் தெரியாது. பதினோரு வீட்டுக்கும் போய் மன்னிப்புக் கேட்டுத் திரும்ப அளவெடுத்தேன்.

இப்போது அளவெடுத்த உடனே பக்கத்தைப் படம் பிடித்து எங்கள் குழுவில் போடுவது, அளவெடுக்கிறவரின் வேலையிலேயே சேர்ந்தது. நோட்டில் பென்சிலால்தான் எழுதுகிறோம், நனைந்தாலும் கரையாது.

எதை மட்டும் கடைசிவரை நம் கையிலேயே வைத்துக்கொள்வது?

ஊசி வேலை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஒவ்வொன்றாகக் கொடுத்துவந்தேன். டிரேசிங், செயின், லோட், ஜர்தோசி, பிறகு அளவெடுப்பது, போன வருஷம் கலர் தேர்வுகூட. கடையில் என்னைவிட நன்றாகக் கலர் பார்க்கிற ஒரு பெண் இருக்கிறார், அது தெரிந்த பிறகும் நானே பிடித்துக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை.

கொடுக்காமல் வைத்திருப்பது தேதி. ஒரு ஆர்டரை எந்த நாளுக்கு ஒப்புக்கொள்வது என்பதை ஒரே ஆள்தான் முடிவு செய்ய வேண்டும். இரண்டு பேர் ஒப்புக்கொண்டால், ஒரே முகூர்த்தத்துக்கு இருமடங்கு வேலை வந்து விழும். அந்தச் சுமை தூங்காமல் உட்காருகிற பெண்கள் தலையில்தான் இறங்கும். சுவரில் பெரிய தினசரி காலண்டர் ஒன்று இருக்கிறது. முகூர்த்த நாளில் எத்தனை பிளவுஸ் என்று நான் மட்டும் எழுதுவேன். ஆறு ஆனதும் கோடு போட்டுவிடுவேன். அந்தக் கோட்டுக்கு அப்புறம் யார் சிபாரிசில் வந்தாலும் இல்லை.

எந்த மாதம் தொடங்குவது நல்லது?

ஆடியில். முகூர்த்தம் இல்லை, ஃபிரேம் காலி, மனசிலும் அவசரம் இல்லை. தெருவுக்குத் தெரு அம்மன் கோவிலில் கூழ் ஊற்றுகிற ஞாயிற்றுக்கிழமைகளை விட்டுவிடுங்கள், லவுட்ஸ்பீக்கர் சத்தத்தில் நீங்கள் சொல்வது பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காது. மற்ற நாட்களில் ஒரு காடாத் துண்டைக் கட்டிக் கொடுத்து, தினம் இரண்டு மணி நேரம் பக்கத்தில் உட்காருங்கள். ஆடி முடிகிறபோது ஒரு பக்க பார்டர் நம்பிக் கொடுக்கிற அளவுக்கு வந்துவிடுவார்கள். முதல் நிஜத் துணியை ஆவணிக் கூட்டத்தில் கொடுக்காமல், உங்கள் சொந்த பிளவுஸையோ வீட்டில் ஒருவருடைய பிளவுஸையோ கொடுங்கள். என் கடையில் புதிதாக வந்த ஒவ்வொருவரும் முதலில் போட்டது என் பிளவுஸில்தான். ஏழு இருக்கிறது, மாற்றி மாற்றி உடுத்துகிறேன்.